வழியில் செத்தவர்கள்

குற்றாலத்து லாட்ஜில் யாரும் சாவதில்லை. உங்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். தென்காசியில் ஆஸ்பத்திரி வேலை பார்த்த எனக்கு நன்றாகத் தெரியும். மற்ற ஊர்களில் மனிதர்கள் வீட்டில் சாகிறார்கள், வயலில் சாகிறார்கள், பஸ்ஸில் சாகிறார்கள். அந்த லாட்ஜில் தங்கினவர் மட்டும் வழியில்தான் சாவார். "நெஞ்சு லேசா அடைக்குது" என்று சொல்லிக்கொண்டே தானாக நடந்து வந்து ஆட்டோவில் ஏறுவார். மேலகரம் பக்கம் வரும்போது தலையைச் சாய்த்துவிடுவார். அப்படித்தான் எங்களிடம் சொல்வார்கள். இறக்கிப் பார்த்தால் முழங்கையை மடக்க முடியாது, அப்படி விறைத்திருப்பார்.

எல்லா லாட்ஜையும் சொல்லவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, நடந்ததை நடந்தபடி சொல்கிற லாட்ஜ்காரர்களும் அங்கே உண்டு. அவர்களைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கட்டும். நான் சொல்வது ஒரே ஒரு லாட்ஜை. பேரைச் சொல்லப் போவதில்லை. அந்தப் பேரை ஒரு நாள் ஊரே வாசித்தது, அது போதும்.

நான் தென்காசி ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தேன். சாவைப் பார்த்துப் பார்த்து மனசு மரத்துப்போகும் என்று சொல்வார்கள். எனக்கு மரத்துப்போகவில்லை, வாய்தான் நீண்டது. செத்தவர்களைப் பார்த்து எனக்குக் கோபம் வந்ததில்லை. அவர்களைக் கொண்டுவந்து போட்டவர்களைப் பார்த்துத்தான் வந்தது.

பணம் உள்ளவர் யாராவது அந்த லாட்ஜில் செத்தால் இந்த வழி நாடகமெல்லாம் கிடையாது. அவருக்கு மகன் இருப்பான், மருமகன் இருப்பான், போனில் சொந்தக்கார டாக்டர் ஒருவர் இருப்பார். அவர்களிடம் கதை விட முடியாது. ஆம்புலன்ஸ் வரும், முதலாளியே கைகட்டிக்கொண்டு பின்னால் காரில் வருவார். நாடகமெல்லாம் காசு இல்லாதவர்களுக்குத்தான். சுற்றுலாக் கூட்டத்துக்குச் சமைக்க வந்த அம்மாள் ஒருத்தி. அருவிக்கரையில் பகல் முழுக்க எண்ணெய் தேய்த்துவிட்டு ராத்திரி கார் ஷெட்டில் படுத்துக்கொள்கிற மசாஜ்காரர் ஒருவர். ராயகிரிப் பக்கத்திலிருந்து வேனில் வந்து, ரூம் எடுக்க வசதியில்லாமல் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்த ஒரு பெரியவர். ராத்திரி படுத்தவர்கள் விடியும்போது எழுந்திருக்க மாட்டார்கள்.

இதில் லாட்ஜ்காரருக்கு என்ன பயம் என்று கேட்கலாம். சீசன் நேரம், சாரல் அடிக்கிறது, ரூம் கிடைக்காமல் ஜனம் காரிலேயே தூங்குகிறது. அப்போது போலீஸ் வந்து நின்றால் பக்கத்து ரூம்காரர்கள் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். சாவு விழுந்த லாட்ஜ் என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்கள். இவ்வளவுதான் விஷயம். ஒரு மனிதனின் சாவை, அவன் செத்த இடத்திலிருந்து தூக்கிக்கொண்டுபோய் நடுரோட்டில் வைப்பதற்கு இவ்வளவு அற்பமான காரணம் போதுமாக இருந்தது.

அதற்கென்று அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். முதலில், செத்தவரின் உடம்பில் லாட்ஜுக்கு அடையாளமான எதுவும் இருக்கக்கூடாது. லாட்ஜ் துண்டு, லாட்ஜ் போர்வை, வேலைக்காரர் என்றால் லாட்ஜ் யூனிபார்ம், எல்லாவற்றையும் உருவிவிட வேண்டும். பிறகு நல்ல சட்டை ஒன்றை மாட்டி, தலையைச் சீவி, நெற்றியில் திருநீறு பூச வேண்டும். கழுத்தில் துண்டைச் சுற்றித் தாடை தொங்காமல் கட்ட வேண்டும். அப்புறம் ஆட்டோவில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்து, பேசிக்கொண்டே வர வேண்டும். எங்கள் வாசலில் வந்து இறங்கும்போதுதான் பதற வேண்டும். அதுவரை பதறக்கூடாது.

டாக்டர்கள் ஏமாறவில்லை. இறந்த நிலையில் கொண்டுவரப்பட்டார் என்று எழுதுவார்கள், போலீசுக்குத் தகவல் போகும். வந்து விசாரிப்பவர்களிடமும் கூட வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். செத்தவரின் சொந்தக்காரர்கள் அழுவதா, வாதாடுவதா என்று தெரியாமல் நிற்பார்கள். பாதிப்பேர் பொட்டலம் கட்டிய ஈரத்துணியோடு நிற்பார்கள், அருவியில் குளித்த ஈரம். உடம்பை வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருப்பார்கள். பொய் சொன்னவர்கள் அதற்குள் டீக்கடையில் வடை தின்றுகொண்டிருப்பார்கள்.

இந்த வேலைக்கு அந்த லாட்ஜ் அனுப்புகிற ஆள் ஒருவர் இருந்தார். அதன் ராத்திரி வாட்ச்மேன். சுரண்டைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். நெல்லு போட்டுக்கொண்டிருந்த குடும்பம், அது நின்றுபோய் இந்த வேலைக்கு வந்தவர். உயரமாக, கொஞ்சம் கூனலாக இருப்பார். அவரை நல்லவராக்கிக் காட்ட எனக்கு ஆசையில்லை. அந்த நாடகத்தில் அவர்தான் கதாநாயகன். சொல்லிக்கொடுத்ததை வரி பிசகாமல் சொல்வார்.

"சிஸ்டர், கொஞ்சம் பாருங்க. பேசிக்கிட்டேதான் வந்தாரு. மேலகரம் தாண்டுனதும் சாஞ்சிட்டாரு."

"கை வெறைச்சுப் போயிக் கெடக்கு அண்ணாச்சி. பேசிக்கிட்டு வந்தாராம். என்ன பேசினாரு, சொல்லுங்க கேப்போம்" என்பேன்.

"நான் என்ன செய்ய சிஸ்டர். மொதலாளி இப்படிச் சொல்லுன்னு சொல்லுதாவ, நான் சொல்லுதேன். ஏசுறத ஏசிக்கிடுங்க" என்று சிரிப்பார். திட்டு வாங்குவதும் சம்பளத்தில் சேர்த்தி என்று நினைத்தார் போலிருக்கிறது.

அதைவிட எனக்கு எரிச்சலானது, அவருக்கு அதில் ஒரு பெருமை இருந்ததுதான். ஒரு தடவை, வந்த வேலை முடிந்து வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் டீ வேண்டுமா என்று கேட்டுத் தொலைத்தேன். டீயைக் குடித்துக்கொண்டே விளக்க ஆரம்பித்துவிட்டார்.

"மத்தவனுவ புடிச்சா தலை தொங்கிரும் சிஸ்டர். நான் புடிச்சா தொங்காது. தோள்ல கையப் போட்டு அணைச்சுக்கிட்டு, காதுல ஏதாச்சும் சொல்லிக்கிட்டே வருவேன். ரோட்டுல ஒரு பயலுக்குச் சந்தேகம் வராது. எங்க லாட்ஜ்ல ஒருத்தனுக்கும் பொணத்தத் தொடத் துணிச்சல் கெடையாது. உசுரு இருக்கா இல்லியான்னு பாக்கக்கூட என்னையத்தான் கூப்பிடுவானுவ. மேனேஜரு தூர நின்னு, என்னா, என்னான்னு கேப்பாரு."

"அப்ப ஒங்களுக்கு ஒண்ணுன்னா யாரு தொட்டுப் பாப்பா?" என்று கேட்டேன். அவரைக் குத்த வேண்டும் என்றுதான் கேட்டேன்.

"எனக்கு எதுக்கு சிஸ்டர் ஆளு. பழக்கப்பட்டவன், நானே நேரா உக்காந்து வந்துருவேன்" என்றார். சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக அன்று முழுவதும் எனக்கே என்மீது எரிச்சலாக இருந்தது.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு. சீசன் சமயத்தில் அன்னதானம் போட்டு, சாப்பாட்டைவிடப் பெரிய பேனர் கட்டுகிற மனிதர். அந்தப் பேனரில் கும்பிடு போட்டுக்கொண்டு அவரே நிற்பார், ஓரத்தில் சின்னதாக சாமி இருக்கும். எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை சக்கர நாற்காலி நன்கொடை கொடுத்தார். நாற்காலியின் முதுகிலும், இரண்டு கைப்பிடியிலும் லாட்ஜ் பெயர். அதில் உட்கார்ந்து போகிற நோயாளி விளம்பரத் தட்டி மாதிரி போவார். பேச்சுக்குப் பேச்சு, "நம்ம லாட்ஜ்ல எங்க அப்பா காலத்துலேருந்து ஒரு அசம்பாவிதம் நடந்தது கெடையாது சிஸ்டர், எல்லாம் அவன் அருளு" என்று மேலே பார்ப்பார். மேலே ஃபேன்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

அவருடைய இன்னொரு அருள்தான் யூனிபார்ம். தென்காசி தனி மாவட்டமாகி, கலெக்டர் ஆபீஸ் வந்து, ஊரில் நாலு பெரிய மனிதர் நடமாட்டம் கூடியபிறகு அவருக்கு இந்த யோசனை வந்தது. வேலைக்காரர்கள் எல்லோருக்கும் வெளிர்நீலச் சட்டை. முதுகு முழுக்கச் சிவப்பு எழுத்தில் லாட்ஜ் பெயர், தூரத்திலிருந்தே வாசிக்கலாம். சட்டையை லாட்ஜில் வந்து மாற்றிக்கொள்ளக் கூடாது. வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வர வேண்டும், போட்டுக்கொண்டே போக வேண்டும். சுரண்டை பஸ்ஸில் ஏறினால் பஸ் முழுக்க வாசிக்கும் அல்லவா. சுவரில் எழுதினால் சுவர்க்காரனுக்குக் காசு கொடுக்க வேண்டும், மனித முதுகு சும்மா கிடைக்கிறது. வாட்ச்மேன் அந்தச் சட்டையிலேயே தினமும் சாயங்காலம் பஸ் ஏறி வந்தார், காலையில் அதிலேயே போனார். அவர் மனைவி பகலில் அதைத் துவைத்துக் காயப்போட்டுக் கொடுப்பாளாம். மாற்றுச் சட்டை என்று ஒன்றை அவர் கொண்டுவருவதே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு சீசன் உச்சத்தில் இருந்தது. நான் நைட் டியூட்டி முடித்து, அடுத்து வந்தவளிடம் பொறுப்பை ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். நன்றாக விடிந்துவிட்டது, வெளியே தூறல். அந்த லாட்ஜின் ஆட்டோ வந்து நின்றது. சலித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். நடுவில் உட்கார்ந்திருந்தது வாட்ச்மேன்.

இந்தப் பக்கம் மேனேஜர், அந்தப் பக்கம் தோட்டக்காரர். தோட்டக்காரர் முகம் வெளிறிப்போயிருந்தது. மேனேஜர் உடம்பைத் தொடாமல், சட்டையின் நுனியை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேனின் தலை தொங்கியது. அவர் சொன்னது சரிதான், மற்றவர்கள் பிடித்தால் தொங்கத்தான் செய்கிறது.

கட்டம்போட்ட புதுச்சட்டை. மடிப்புக் கலையவில்லை. நெற்றியில் திருநீறு. தலை சீவியிருந்தது.

"வழியிலதான் சிஸ்டர்" என்று மேனேஜர் ஆரம்பித்தார். "பேசிக்கிட்டே வந்தாரு..."

நான் அதற்குள் கழுத்தில் கை வைத்துவிட்டேன். சூடாக இருந்தது. விரலுக்கடியில், இருக்கிறதா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வருகிற அளவுக்கு, நாடி ஓடிக்கொண்டிருந்தது.

"உயிர் இருக்கு" என்று கத்தினேன். டாக்டரம்மா ஓடிவந்தாள். மேனேஜர் இரண்டடி பின்னால் போனார். உயிர் இருக்கிறது என்று கேட்டு ஒரு மனிதன் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கட்டிலில் போட்டோம். புதுச்சட்டையைக் கத்தரியால் வெட்டித் திறந்தேன். காலரிலிருந்து அட்டை விழுந்தது. கடையில் சட்டை நிற்பதற்காக உள்ளே வைத்திருப்பார்களே, அந்த அட்டை. அதைக்கூட எடுக்காமல் மாட்டியிருக்கிறார்கள். நானும் டாக்டரும் அடுத்த டியூட்டிக்கு வந்தவளும் எங்களால் முடிந்ததை எல்லாம் செய்தோம். நடுவில் ஒரு தடவை அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். யாரைப் பார்த்தாரோ தெரியாது. கொஞ்ச நேரத்தில் போய்விட்டார்.

டாக்டரம்மா சின்னப் பெண், கையைக் கழுவிக்கொண்டே வெளியே வந்து மேனேஜரிடம் கேட்டாள். "எப்ப விழுந்தார்? ஏன் உடனே கொண்டுவரலை? நேரத்தோட கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

"உடனே கெளம்பிட்டோம் மேடம். வழியிலதான்..." என்றார் மேனேஜர். வேறு வாக்கியமே அவருக்குத் தெரியவில்லை. அப்புறம் போன் வந்தது என்று வெளியே போனவர், வரவில்லை.

தோட்டக்காரர் மட்டும் படியில் உட்கார்ந்திருந்தார். அவரும் அதே வெளிர்நீல யூனிபார்மில்தான் இருந்தார். அன்றைய அவசரத்தில் அதைக் கழற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"விடியற நேரம் சிஸ்டர். கேட்டுப் பக்கம் சேர்ல சரிஞ்சு கெடந்தாரு. கூப்பிட்டேன், அசையல. மேனேஜர எழுப்புனேன். அவரு தூர நின்னு பாத்துட்டு, போயிட்டாருலே, மொதல்ல சட்டையக் கழத்துன்னாரு. கழத்துனோம். வேற சட்டை கெடையாது அவருக்கு. என் சட்டையும் யூனிபார்மு. கீழ இருக்க ரெடிமேட் கடைக்காரனுக்குப் போன் போட்டு, அவன் வீட்டுலேருந்து சாவியக் கொண்டுட்டு வந்து ஷட்டரத் தொறந்து, அதுல ஒண்ணு எடுத்து..."

"அதுவரைக்கும் அவரு?"

"வெத்து ஒடம்போட சேர்லதான் இருந்தாரு. தூத்தல் விழுதுன்னு நான் ஒரு சாக்கப் போத்திவிட்டேன்."

"மேனேஜர் ரூம்ல சட்டை இல்லியா?"

"இருக்கும். அத எப்படிக் கேக்க சிஸ்டர்."

எப்படிக் கேட்பது, நியாயம்தான். மேனேஜர் தன்னுடைய இஸ்திரி போட்ட சட்டையை ஒரு வாட்ச்மேன் பிணத்துக்குக் கொடுப்பாரா. அதனால் கடை திறக்கும்வரை காத்திருந்தார்கள்.

"ஒருத்தரும் நெஞ்சுல கைவச்சுப் பாக்கலியா அண்ணாச்சி?"

தோட்டக்காரர் என்னைத் திகைத்துப் பார்த்தார். "அது அவருதான சிஸ்டர் பாப்பாரு" என்றார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இதைவிட ஒரு கேவலத்தை நான் கேட்டதில்லை. செத்தவர்களை உயிரோடு இருப்பதாகக் காட்டிக் காட்டிப் பழகிய கூட்டம் அது. உயிரோடு ஒருத்தர் கிடந்தபோது, அவருக்கும் அதே சடங்கைச் செய்துகொண்டு நின்றிருக்கிறது. தொட்டுப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் நாற்காலியில் சரிந்து கிடக்கிறார், அதனால் தொட்டுப் பார்க்க ஆளில்லை. அழக்கூட வரவில்லை எனக்கு. காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

அவர் மனைவி சுரண்டை பஸ்ஸில் வந்து இறங்கினாள். கூட யாருமில்லை. கட்டின சேலையோடு வந்திருந்தாள், கையில் பர்ஸ்கூட இல்லை, டிக்கெட்டுக்குப் பணத்தை முந்தானையில் முடிந்திருந்தாள். உள்ளே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். அவள் சத்தம்போட்டு அழவில்லை. அவர் கன்னத்தைத் தடவினாள். நெற்றித் திருநீற்றைப் பார்த்தாள்.

"இது யாரு பூசுனது? அவிய பூச மாட்டாவளே" என்றாள்.

அவருடைய உடைமைகளைக் கொடுத்தோம். செல்போன், பீடிக்கட்டு, ஒரு சீப்பு, பையில் வெட்டிய சட்டை. சட்டையை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அவிய சட்டை இல்ல சிஸ்டர். நேத்து மழையில காயல, அடுப்புக்கிட்ட வச்சுக் காயவச்சு யூனிபார்ம்தான் போட்டு அனுப்புனேன். அது எங்க?"

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். ஆள் உயர மாலை ஒன்றை ஒருத்தன் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். கண்ணை ஒற்றிக்கொள்ளக் கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தார்.

"நம்ம குடும்பத்துல ஒருத்தர் தாயி அவரு" என்றார் அவளிடம். "நேத்து ஒடம்பு சரியில்லன்னு வேலைக்கே வரவேண்டாம்னு நான்தான் சொன்னேன். டூட்டியிலயே இல்ல. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்திருக்காரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டு வரையில வழியில... எல்லாம் விதி. வேணும்னா பாரு, யூனிபார்ம்கூட போடல."

அந்தக் கட்டம்போட்ட சட்டையைக் கையால் காட்டினார். அது எதற்காக வாங்கப்பட்டதோ அந்த வேலையைச் சரியாகச் செய்தது.

அவள் முதலாளியைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்ததுதான் கேள்வி. சொல்லிவிட்டேன். முதலாளியை வைத்துக்கொண்டே சொன்னேன். நாற்காலியில் சரிந்து கிடந்ததை, யூனிபார்மைக் கழற்றியதை, கடை திறக்கக் காத்திருந்ததை, இங்கே கொண்டுவந்தபோது உயிர் இருந்ததை, ஒன்றுவிடாமல் சொன்னேன். போலீஸ் விசாரணையிலும் இதையேதான் சொன்னேன், டாக்டரும் எழுதினாள். முதலாளி நடுவில் இரண்டு தடவை "சிஸ்டர், சிஸ்டர்" என்றார். நான் நிறுத்தவில்லை.

"அப்ப இந்தச் சட்டைய மாட்டையில அவியளுக்கு உசுரு இருந்திருக்கு" என்றாள் அவள்.

"ஆமா."

எங்கள் பக்கம் செத்தவர் உடம்பில் புதுத்துணி போட உரிமையுள்ளவர்கள் இன்னார் என்று உண்டு. அதைக் கோடி என்போம். கூடப்பிறந்தவர்களும் சம்பந்தக்காரர்களும் கொண்டுவந்து போர்த்துவார்கள். வேறு யாரும் போடமாட்டார்கள், உயிரோடு இருப்பவர் பக்கத்தில் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார்கள்.

அவள் முதலாளியைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "உசுரோட இருக்கையிலயே அவியளுக்குக் கோடி போட்டுட்டீய. போடுறதுக்கு அவிய கூடப்பொறந்தாவ இருக்காவ. நீங்க யாரு?"

சட்டையை முதலாளியின் காலடியில் வைத்தாள். எறியவில்லை, குனிந்து வைத்தாள். முதலாளி மாலைக்காரனைத் திரும்பிப் பார்த்தார். கைக்குட்டை மறந்துபோய் விரித்தபடியே கையில் இருந்தது.

"எனக்கு யூனிபார்ம் வேணும்" என்றாள். "வீட்டுலேருந்து அதப் போட்டுக்கிட்டுத்தான் போனாவ. அதுலதான் வீட்டுக்கு வரணும்."

"அனுப்பி வைக்கேன் தாயி. இதெல்லாம் ஒரு விஷயமா" என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார். மாலையை எங்கள் வராந்தாவிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சட்டை வரவில்லை. மத்தியானம்வரை அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோட்டக்காரர் இரண்டு தடவை போன் போட்டார், எடுக்கவில்லை. அனுப்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தச் சட்டை அவர் உடம்பில் இருந்தால் அவர் டூட்டியில் இருந்தார் என்று ஆகிவிடும். அவள் கேட்டதும் அதற்காகத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதன் வேலையில் இருக்கும்போது சாய்ந்தார், சும்மா சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் சாகவில்லை. அவளுக்கு அது மட்டும் வேண்டியிருந்தது.

சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்து உடம்பைக் கொடுத்தார்கள். இலவச அமரர் ஊர்தி வந்தது. சுரண்டைக்குப் போக கிழக்கே திரும்ப வேண்டும். அவள் டிரைவரிடம், "அண்ணே, மொதல்ல குத்தாலம் போங்க" என்றாள். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்குப் போகாமல் அங்கேயேதான் கிடந்தேன். வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன், தோட்டக்காரரும் ஏறினார். நாளை அவருக்கு வேலை இருக்காது என்று அவருக்கே தெரியும்.

லாட்ஜ் வாசலில் சரியான கூட்டம். ஈரத்தலையும் சிப்ஸ் பொட்டலமுமாக ஜனம். கேட்டுப் பக்கத்தில் அந்த நாற்காலி அப்படியே இருந்தது. ஒரு ஆள் அதில் உட்கார்ந்து மங்குஸ்தான் பழம் உரித்துக்கொண்டிருந்தான். எங்கள் வண்டியைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். சிலர் செல்போனை எடுத்தார்கள். சாவு வண்டியையும் அருவியையும் ஒரே மாதிரி படம் பிடிக்கிற ஜனம்.

அவள் இறங்கி, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "என் வீட்டுக்காரர் சட்டையக் குடுங்க" என்றாள். உட்காரவில்லை, கத்தவில்லை. மேனேஜர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தார். ரூம் கேட்டு வந்த ஒரு குடும்பம் என்ன விஷயம் என்று தோட்டக்காரரிடம் விசாரித்தது. "இங்க வாட்ச்மேன். இந்தச் சேர்லதான் விழுந்தாரு" என்றார் அவர். சாவகாசமாக, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார். அந்தக் குடும்பம் பெட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தது.

அதற்குப் பிறகுதான் முதலாளி வந்தார். சட்டையும் வந்தது. துவைத்திருந்தார்கள், தண்ணீர் சொட்டியது. மடித்து, எழுத்து உள்பக்கமாக வரும்படி சுருட்டி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

அவள் பையிலிருந்து எடுத்துப் பிழிந்து உதறினாள். வண்டியில் ஏறி, முதுகுப் பக்கம் மேலே வரும்படி அவர் நெஞ்சில் விரித்தாள். கைகளை இரண்டு பக்கமும் நீவிவிட்டாள். சிவப்பு எழுத்து நன்றாகத் தெரிந்தது.

முதலாளி வண்டிக் கதவுக்குப் பக்கத்தில் வந்தார். "தாயி, ஈரமா இருக்கு. மடிச்சுக் கால்மாட்டுல வச்சிரலாமே" என்றார், மெதுவாக, கும்பிட்டுக்கொண்டு. பேனரில் நிற்கிற அதே கும்பிடு.

"எதுக்கு?" என்றாள் அவள். "வீட்டுக்குப் போவையிலயும் இதத்தான் போட்டுக்கிட்டுப் போவணும்னு நீங்கதான சொன்னீய. போட்டுக்கிட்டுப் போறாவ."

கதவைச் சாத்தினேன். டிரைவர் வண்டியை எடுத்தார். பஜாரில் கூட்டத்தில் வண்டி ஊர்ந்துதான் போக முடிந்தது. இரண்டு பக்கமும் கண்ணாடி, உள்ளே விளக்கு எரிந்தது. மேலகரம் வழியாகத்தான் திரும்பினோம். தெருவில் நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் லாட்ஜ் பேரை வாசித்தார்கள்.